தாவர இயல் அறிஞர் ஜானகி அம்மாள்

நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில் நின்று நோக்குவோர்க்குக் கொல்லிமலை ஒரு பெருங்கோட்டை போலக் காட்சி தரும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டு நிலம் விரிந்து கிடக்கும். அங்கே படிப்படியாக அமைந்த வயல்களில் நெல்லும் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைகின்றன. பலாவும் மிளகும் காபியும் வளர்கின்றன. நீர் ஓடும் பள்ளங்களில் பசுஞ்சோலைகள் எஞ்சியுள்ளன. தெய்வத்திற்கென்று விடப்பட்ட கோவிற்காடுகளும் உண்டு. அவற்றில் மரத்தை வெட்டுவது தகாது என்பது மலைவாழ் மக்களின் வழிவழி வந்த கட்டுப்பாடு.

இம்மலைக்கும் அருகிலுள்ள பச்சைமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே வெப்பம் மிகுந்த தாழ்நிலம் உள்ளது. மனிதன் அதனை எளிதில் கடந்து விடுவான். குளிர்ந்த சோலையின் ஈரத்தில் மட்டும் வாழக்கூடிய சிறு செடிக்கும் சிற்றுயிருக்கும் அத்தாழ்நிலம் கடலைப் போன்றது. மலையுச்சி தீவைப் போன்றது. தீவில் ஒதுங்கிய உயிர்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, தம் இனத்தாரினின்றும் சிறிது சிறிதாக வேறுபடுகின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளில் தோன்றிய வேறுபாடு ஒரு முறை அழிந்தால், அதனை மீண்டும் படைக்க எவராலும் இயலாது.

மலைக்கு மலை இயற்கை சேர்த்து வைத்துள்ள இச்செல்வத்தின் அருமையை உயிரணுவின் உள்ளே கண்டறிந்தவர் ஒருவர் இருந்தார். புதுப் பயிர்களைத் தம் கையால் உண்டாக்கியவர் அவர். ஆயினும் கையால் உண்டாக்க முடியாத காட்டைக் காக்க வேண்டும் என்று முதுமையிலும் முன்வந்தார். அவரே தாவர இயல் அறிஞர் ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். அவ்வூர் இன்று கேரள மாநிலத்தில் உள்ளது. தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பதவி வகித்தவர். நீதிமன்ற அலுவல் முடிந்தபின் அவர் மனம் நாடியது தோட்டத்தையே. செடி கொடிகளையும் பறவைகளையும் உற்று நோக்குவதில் அவர் பெருவிருப்பம் உடையவராக இருந்தார். உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்த ஜானகிக்குத் தந்தையின் தோட்டமே முதற் பள்ளியாயிற்று.

அந்நாளில் பெண்கள் கல்லூரிப் படியேறுவது அரிது. தக்க பருவம் வந்ததும் மணம் முடிப்பதே பெண்ணுக்கு உரிய வழி என்று உலகம் எண்ணியிருந்தது. சகோதரியர் இல்லற வாழ்வை ஏற்றனர். ஜானகி கல்வியைத் தேர்ந்தார். தலைச்சேரியில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1921ஆம் ஆண்டு தாவர இயலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

ஆசியப் பெண்கள் உயர்கல்வி பெறும் பொருட்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்னும் அறக்கட்டளை ஒன்றை நடத்தி வந்தது. அவ்வுதவித்தொகை ஜானகிக்குக் கிடைத்தது. கடல் கடந்து சென்று 1925ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சில காலம் கற்பித்தபின் மீண்டும் அங்கே சென்று, 1931ஆம் ஆண்டு அறிவியல் அறிஞர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண் ஒருவர் அயல்நாட்டில் தாவர இயலில் இத்தகைய பட்டம் பெறுவது அந்நாளில் வியத்தற்கு உரியதாக இருந்தது.

அவர் மேற்கொண்ட துறை உயிரணுவியல் என்பது. ஒவ்வோர் உயிரும் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் நடுவே நூலிழை போன்ற நுண்பொருள்கள் உள்ளன. அவற்றிற்குக் குரோமோசோம்கள் என்று பெயர். தாய் தந்தையரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு வருவது அவற்றின் வழியாகவே. பண்டைக்காலத்தில் ஏட்டுச்சுவடிகளைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்து எழுதினர் அல்லவா? அதுபோல, உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது இந்நுண்ணிழைகளும் படியெடுக்கப்படுகின்றன. எழுதுவோர் கைப்பிழையால் ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடுவதுண்டு. இங்கும் அரிதாகச் சிறு மாற்றங்கள் நேர்கின்றன. அம்மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே ஓரினம் பல இனங்களாகப் பிரிகின்றது. ஆதலின், குரோமோசோம்களை எண்ணி ஒப்பிட்டுக் காண்போர், எந்த இனம் எதற்கு உறவு, எது எதிலிருந்து பிரிந்தது என்பதை ஓரளவு உணரலாம்.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய அம்மையார், பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நிலையம் அதற்குள் உலகப் புகழ் பெற்றிருந்தது. பருத்த தண்டும் மிகுந்த சாறும் உடைய நற்கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்குவதில்லை. ஆற்றங்கரைகளில் நாணல்போல் தானே வளரும் காட்டுக் கரும்போ சுவையற்றது. ஆயினும் எத்துன்பத்தையும் தாங்கும் வலிமை உடையது. இவ்விரண்டையும் கலந்து கோயம்புத்தூர் அறிஞர்கள் புதுக்கரும்பினை உண்டாக்கினர். இந்தியாவின் சர்க்கரைத் தொழில் வளர்ந்தது அக்கலப்பினக் கரும்பினாலேயே ஆகும்.

எவரும் பொருட்படுத்தாத காட்டுப் புல்லே நாட்டின் இனிப்புக்குத் துணை செய்தது. அவ்வாறு கலந்த இனங்களின் உயிரணுக்களில் என்ன நிகழ்கின்றது என்பதை அம்மையார் ஆராய்ந்தார். நற்கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோயம்புத்தூர்ப் பகுதிக் காட்டுக் கரும்பிலோ 64 உள்ளன. இவை கலந்து பிறக்கும் பயிரில் எண்ணிக்கை எவ்வாறு அமைகின்றது, எந்தக் கலப்பு நிலைக்கும், எது மலடாகும் என்பனவற்றை அவர் நுண்ணோக்கியின் துணையால் கண்டறிந்தார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து, அதுவரை காணாத கலப்பினங்களையும் உண்டாக்கினார். ஆண்களே நிறைந்திருந்த ஆராய்ச்சி உலகில் தனித்த ஒரு பெண்ணாக நின்று அவர் இவற்றைச் செய்தார்.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. அதில் கலந்துகொள்ள அம்மையார் சென்றிருந்தார். மாநாடு முடிந்த சின்னாட்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணி செய்தார். வானத்திலிருந்து குண்டுகள் விழுந்த காலம் அது. அக்கொடிய நாட்களிலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. டார்லிங்டன் என்னும் மரபியல் அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை உருவாக்கினார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. பயிர்களின் பிறப்பிடத்தையும் உறவையும் அறிய விரும்புவோர்க்கு அது நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கிற்று.

பின்னர் விஸ்லி என்னும் ஊரிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் அவர் பணி ஏற்றார். கோல்ச்சிசின் என்னும் மருந்தைச் செடியின் முளையில் இட்டால் அதன் குரோமோசோம்கள் இரட்டித்து, இலையும் மலரும் சில வேளைகளில் பெருக்கும். இம்முறையை மக்னோலியா என்னும் மலர் மரத்தின் நாற்றுக்களில் அவர் கையாண்டார். அவர் வளர்த்த மக்னோலியா மரங்கள் விஸ்லித் தோட்டத்தில் வெண்மலர்களைப் பூத்துக் குலுங்கின. அவற்றுள் ஒரு வகைக்கு அம்மையாரின் பெயரே இடப்பட்டது.

இந்தியா விடுதலை பெற்றது. நாட்டின் தாவரச் செல்வத்தை முறையாக ஆராய வேண்டும் என்று கருதிய தலைமை அமைச்சர் ஜவாஹர்லால் நேரு, அம்மையாரைத் தாயகம் திரும்புமாறு அழைத்தார். 1951ஆம் ஆண்டு அவர் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு 1952இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நாட்டுச் செடிகளை ஆங்கிலேயர் சேகரித்து அயல்நாட்டுக்கு அனுப்பிய காலம் போயிற்று. இனி இந்நாட்டார் தாமே தம் காடுகளை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

இமயமலைச் செடிகளின் வரலாற்றை அவர் ஆராய்ந்தார். இமயத்தின் வடமேற்குப் பகுதி குளிரும் வறட்சியும் உடையது. வடகிழக்குப் பகுதியோ குளிரும் ஈரமும் உடையது. ஈரம் மிகுந்த வடகிழக்கில் குரோமோசோம்கள் பெருகிய செடியினங்கள் மிகுதி என்றும், சீனத்துச் செடிகளும் மலேயாப் பகுதிச் செடிகளும் அங்கே சந்தித்துக் கலந்தமையால் புதிய இனங்கள் பல தோன்றின என்றும் அவர் கருதினார். தாம் தோட்டத்தில் ஒரு சில ஆண்டுகளில் செய்ததை இயற்கை அம்மலைகளில் அளவிறந்த காலமாகச் செய்து வந்திருப்பதை அவர் உணர்ந்தார்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. அசாமின் அப்பகுதியில் அரிய மக்னோலியா வகை ஒன்று ஒரே மரமாக எஞ்சியுள்ளது என்று கேள்வியுற்றார். அதனைக் காணும் ஆவலோடு ஷில்லாங் நகரிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். அங்கே அவர் மரத்தைக் காணவில்லை. அது எரிக்கப்பட்டுவிட்டது. பகைமையால் எவரும் அதனை அழித்திலர். உணவுப் பெருக்கம் கருதி நாடெங்கும் காடு திருத்தப்பட்டு வந்த நாட்கள் அவை. ஆயினும் அம்மரத்தின் உயிரணுவில் இயற்கை எழுதி வைத்திருந்த ஏடு, எவரும் படிக்குமுன் சாம்பலாயிற்று.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், உலகின் தோற்றத்தை மனிதன் எவ்வாறு மாற்றி வருகின்றான் என்பது குறித்து அறிஞர் பேரவை ஒன்று கூடியது. பேரவையினர் பெரும்பாலும் ஆடவராக இருக்க, ஜானகி அம்மையார் இந்திய நாட்டுச் சிற்றுழவர் வாழ்வைப் பற்றி உரை நிகழ்த்தினார். தம் குடும்பத்தின் தேவைக்காகவே பயிர் செய்யும் எளிய மக்களும் மலைவாழ் மக்களும் செடிகளைப் பற்றி மிகுந்த அறிவுடையவர்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மக்களுக்கும் செடிகளுக்கும் உள்ள தொடர்பை அறிவதற்காகப் பிற்காலத்தில் வயநாட்டு மலைவாழ் மக்களின் பயிர்களையும் மூலிகைகளையும் ஆராய்ந்தார். பெருநகரத்து ஆய்வுக்கூடத்தில் பழகியவராயினும், மலைக்குடியினரை ஆசிரியராகக் கொள்ள அவர் நாணியதில்லை.

அலகாபாத்திலும் ஜம்முவிலும் உயர்பதவிகள் வகித்து ஓய்வு பெற்றபின், 1970ஆம் ஆண்டு அம்மையார் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவர இயல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிஞராக அமர்ந்து, நகரை அடுத்த மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்து வந்தார். மூலிகைத் தோட்டம் வளர்த்தார். வளர்ப்புப் பூனைகள் அவருக்குத் துணையாக இருந்தன. காந்தியடிகளின் நெறியில் பற்றுக்கொண்டு எளிய உடையும் எளிய உணவும் மேற்கொண்டார். தம்மைப் பற்றிப் பேசுவதை அவர் விரும்பவில்லை. தாம் செய்த பணியே எஞ்சி நிற்கும் என்று கருதினார். 1977ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவ்வாண்டுகளில் நாட்டின் கவனத்தை ஈர்த்தது அமைதிப் பள்ளத்தாக்கு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெருங்காடு அது. குந்திப்புழை என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகின்றது. அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டி மின்னாற்றல் எடுக்கும் திட்டத்திற்கு 1973ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. அணை எழுந்தால் சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும். வடகேரளத்து மக்களுக்கு மின்சாரமும் வேலையும் தேவை என்பது ஒரு சாராரின் வாதம். அத்தேவை பொய்யன்று. மூழ்கும் காட்டுக்கு ஈடாக வேறொரு காட்டை எவராலும் வளர்க்க இயலாது என்பது மறு சாராரின் வாதம். ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியலாரும் மாணவர்களும் காட்டின் பக்கம் நின்றனர். ஏறக்குறைய எண்பது வயதை எட்டியிருந்த ஜானகி அம்மையாரும் அவர்களோடு சேர்ந்தார்.

அவர் தேர்ந்த வழி தம் வாழ்நாள் கல்விக்கு ஏற்றதாக இருந்தது. மூழ்கவிருக்கும் காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து கணக்கெடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பொருளின் மதிப்பை அறியாமலே அதனை இழக்கத் துணிவது பேதைமை என்பதை உலகுக்கு உணர்த்த இதனினும் சிறந்த வழியில்லை. ஷில்லாங் மலையில் அவர் காலம் கடந்து சென்றார். இங்கே காலம் கடப்பதற்கு முன்பே செல்ல விரும்பினார்.

அக்காட்டின் மரங்களை நம்பி வாழும் உயிர்களுள் தலையாயது சிங்கவால் குரங்கு. உடல் முழுதும் கருமை. முகத்தைச் சூழ்ந்து வெள்ளிய பிடரி. வாலின் நுனியில் சிங்கத்தின் வாலில் உள்ளது போன்ற மயிர்க்கற்றை. இவ்வுலகில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் அஃது இயற்கையாக வாழ்வதில்லை. எஞ்சியிருப்பவை சில ஆயிரமே. பசுமை மாறாக் காட்டின் உயர்ந்த மரங்களிலேயே பெரும்பாலும் காலம் கழிப்பது அதன் இயல்பு. வெடிப்பலா முதலிய மரங்களின் பழமும் விதையும், பூச்சிகளும் அதன் உணவு. ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் இடையே ஆண்டுகள் கழிவதால் அவ்வினம் விரைந்து பெருகுவதில்லை. மரம் போனால் குரங்கு போம். ஆதலின் காட்டைக் காக்க நின்றோர் இக்குரங்கினையே தங்கள் சின்னமாகக் கொண்டனர்.

இக்குரங்கின் குலவரலாறு வியப்பூட்டுவது. இதன் நெருங்கிய உறவினங்கள் அண்டையில் இல்லை. தென்னாட்டு ஊர்களில் காணும் நாட்டுக் குரங்கு இதற்குத் தூரத்து உறவே. நெருங்கிய உறவினங்கள் தென்கிழக்கு ஆசியாவில் வாழும் பன்றிவால் குரங்குகளும், இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குரங்குகளுமே. ஈரக்காடுகள் பரந்திருந்த பழங்காலத்தில் இவற்றின் முன்னோர் நெடுந்தொலைவு பரவியிருக்க வேண்டும். பின்னர்க் காடுகள் சுருங்கின. இடைப்பட்ட நிலத்தில் இருந்தவை மறைய, மேற்கு மலையின் மழைக்காட்டில் ஒரு கிளை மட்டும் எஞ்சி நின்றது.

அக்கிளையும் ஒன்றாக இல்லை என்பது அம்மையார் காலத்திற்குப் பின்னர்த் தெரிய வந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கின்றது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தோரும் பிற அறிஞர்களும், கணவாயின் இருபுறத்துச் சிங்கவால் குரங்குகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டு நோக்கினர். அவர்களது ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. வடபுறத்தன ஒரு குலம், தென்புறத்தன மற்றொரு குலம் என்றும், இரண்டும் ஏறக்குறைய 21 இலட்சம் ஆண்டுகட்கு முன்னரே பிரிந்தன என்றும் அவ்வாய்வு காட்டியது. ஒரே நூலின் இரு பழஞ்சுவடிகள் இரண்டு ஊர்களில் காக்கப்பட்டு வந்தது போன்றது இது. அமைதிப் பள்ளத்தாக்கு கணவாயின் வடபுறத்தில் உள்ளது. அங்குள்ள கூட்டம் அழிந்தால் தென்புறக் கூட்டம் அதற்கு ஈடாகாது.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் உணர்த்திற்று. ஆனைமலைப் பகுதியில் தேயிலை, காபித் தோட்டங்களின் நடுவே சிறு சிறு காட்டுத் துண்டுகளில் சிக்கிய குரங்குக் கூட்டங்கள், பெருங்காட்டில் வாழும் கூட்டங்களைவிட மரபு வேறுபாட்டில் வறுமையுற்றிருந்தன. ஒரு துண்டுக் காட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியின்றி, நெருங்கிய உறவினுள்ளேயே இனம் பெருக்கும் நிலை அவற்றிற்கு நேர்ந்தது. எல்லா ஏடுகளும் ஒரே பாடமாகிவிட்டால், ஏற்பட்ட பிழையைத் திருத்த வேறு ஏடு கிடையாது. அவ்வாறே வேறுபாடு இழந்த கூட்டத்திற்குப் புதிய நோயையும் மாறிய காலநிலையையும் எதிர்த்து நிற்கும் ஆற்றல் குறைகின்றது. இயற்கை அமைத்த கணவாய் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் குலத்தைப் பிரித்தது. மனிதன் வெட்டிய வெளியோ ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் குலத்தை வறிதாக்கியது.

அமைதிப் பள்ளத்தாக்கின் கதை நல்ல முடிவை எய்தியது. காட்டின் சார்பில் நின்றோர் எழுதினர், பேசினர், வழக்குத் தொடுத்தனர். தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அறிஞர் குழுவின் கருத்தைக் கேட்டறிந்தார். 1983ஆம் ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1985ஆம் ஆண்டு தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி அதனைத் தொடங்கி வைத்தார்.

அவ்வறிவிப்பைக் காண ஜானகி அம்மையார் உயிரோடு இல்லை. 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், மதுரவாயலில் தமது ஆய்வுக்கூடத்தில் பணி செய்துகொண்டிருந்த நிலையிலேயே அவர் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 86. அவருக்கு மக்கள் இல்லை. திரண்ட செல்வம் இல்லை. ஆயினும் விஸ்லியில் அவர் வளர்த்த மரங்கள் வசந்தந்தோறும் பூக்கின்றன. தாவர வகைப்பாட்டு இயலில் சிறந்த பணி செய்வோர்க்கு இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்குகின்றது. குந்திப்புழை தடையின்றி ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள மரங்களில் சிங்கவால் குரங்குகள் குட்டிகளோடு தாவுகின்றன.

காடு காத்தல் ஓரிடத்தோடு முடியும் பணியன்று. கொல்லிமலையில் மரவள்ளிக் கிழங்குப் பயிர் பரவியபின் சாமையும் தினையும் விளைந்த நிலம் சுருங்கிற்று. வருவாயை நாடிய உழவரைக் குறை கூறுதல் தகாது. ஆயினும் மலைத்தாய்மார் குதிரில் காத்து வந்த விதை வகை ஒன்று அழியுமாயின், அஃது ஒரு சுவடியை எரித்ததற்கு ஒப்பாகும். அதனை உணர்ந்தே அறிவியல் நிறுவனத்தாரும் மலைவாழ் மக்களும் சேர்ந்து அங்கே சிறுதானிய விதைகளைக் காக்க முற்பட்டனர். கோடரி படாத கோவிற்காட்டில் அம்மக்களின் முன்னோர் பத்தியால் செய்த பணியையே, ஜானகி அம்மையார் அறிவியலால் செய்தார்.

அறிவு ஆக்கத்திற்குத் துணை செய்வது. ஆக்க முடியாததைக் காப்பதற்கும் அதுவே துணை. கரும்பின் இனிமையைப் பெருக்கிய கையே காட்டின் அமைதிக்காகவும் உயர்ந்தது. இவ்விரண்டையும் ஒருவரே செய்தார் என்பதே ஜானகி அம்மையாரின் பெருமை.